சித்திக்கு வந்த மிஷின்

அந்தச் சேர் வேண்டாம்மா, மேல ஏசித் தண்ணி சொட்டும். இந்தப் பக்கம் வாங்க. பையக் கீழ வைக்காதீங்க, தொடைக்கிற அம்மா சத்தம் போடும். இன்னைக்குத்தான் முதல் நாளா? முகத்தப் பாத்தாலே தெரியுது. உள்ள வீட்டுக்காரரா? சுகர்ல வந்ததா? சரி சரி, கண்ணத் தொடைங்க. நாலு மணி நேரம் ஆகும். ரத்தம் வெளிய வந்து, அந்த மிஷினுக்குள்ள போய்ச் சுத்தமாகி, திரும்ப உள்ள போகும். முடிஞ்சு எந்திரிக்கும்போது கிறுகிறுன்னு வரும், கையப் புடிச்சுக்கோங்க. அவ்வளவுதான். நான் ஏழு மாசமா வர்றேன். திங்கள், புதன், வெள்ளி.

அய்யோ, எனக்கில்ல. எனக்கு ஒரு குறையும் இல்ல. அந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க, மூணாவது கட்டில்ல, ரெண்டு கைக்கும் உறை போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா பாருங்க, அவளுக்குத்தான். தமயந்தி. என் ஓரகத்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி. எல்லாரும் கூடப் பொறந்தவளான்னுதான் கேப்பாங்க. இங்க இருக்கிற நர்ஸ் புள்ளைங்க, "இந்திராணியம்மா மாதிரி ஒரு அக்கா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்"னு சொல்லுதுங்க. நான் சிரிச்சு வச்சுக்குவேன்.

இன்னைக்கு எங்களுக்கு ஒரு முடிவான நாளு. பதினோரு மணிக்கு டாக்டர் கூப்பிடுவார். இந்த டயாலிசிஸக் கொறைக்கலாமா, இப்படியே ஓட்டணுமான்னு இன்னைக்குச் சொல்லணும். மணி என்ன? பத்தேகாலா? இன்னும் நேரம் கெடக்கு. உக்காருங்க. பேச்சுக் குடுத்தா உங்களுக்கும் பொழுது போகும்.

நாங்க செல்லூர்ல மாவுக்கடை வச்சிருக்கோம். இட்லி மாவு. கீழ் வீடு அவங்களுக்கு, மாடி எங்களுக்கு, வாசல்ல கடை. ஆரம்பிச்சது நான். முதல் கிரைண்டர் எங்கப்பா எனக்குச் சீராக் குடுத்தது. ஆனா தெருவுல போய்க் கேட்டுப் பாருங்க, "தமயந்தி மாவு"ம்பாங்க. என்ன காரணம்? அவ ஊத்திக் குடுக்கும்போது ஒரு கரண்டி கூடப் போடுவா. அந்த ஒரு கரண்டியில பேரு வாங்கிட்டா. நானும் போட்டுப் பாத்தேனே! "என்னக்கா, இன்னைக்கு அளவு தப்பிருச்சா?"ங்கறாங்க. எங்க மாமியா கடைசிக் காலத்துல படுக்கையில கெடந்தப்ப, பீயள்ளினது நானு. ரசம் கேட்டது அவகிட்ட. "தமயந்தி வச்ச ரசம்." நான் வச்சா அது ரசம் இல்லையா?

பொறாமைன்னு நினைக்காதீங்க. நியாயத்தச் சொல்றேன்.

அத விடுங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி அவ முகம் மாற ஆரம்பிச்சுது. எனக்கு அப்ப நாப்பத்தொம்பது, அவளுக்கு நாப்பத்திரெண்டு. என் நெத்தியில மூணு கோடு விழுந்துருச்சு, வாய் ஓரத்துல ரெண்டு. அவளுக்கு இருந்த கோடும் காணாமப் போச்சு. இஸ்திரி போட்ட துணி மாதிரி முகம். பளபளங்குது. மூக்கு வேற கூராயிருச்சு. வாய் சின்னதாயிருச்சு, லட்டக் கூட விண்டு விண்டுதான் திம்பா. நாசூக்காம்! எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

திருமங்கலத்துல ஒரு கல்யாணம். எங்க வீட்டுக்காரரோட அத்தை பேத்திக்கு. நாங்க ரெண்டு பேரும் மேடையேறி நிக்கிறோம். போட்டோக்காரன் சொல்றான், "அம்மாவும் பொண்ணும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க"ன்னு. யாரு அம்மா? யாரு பொண்ணு? ஏழு வயசு வித்தியாசம்மா, ஏழே வயசு! மேடையில இருந்த அத்தன பேரும் சிரிக்கிறாங்க. அவளும் சிரிக்கிறா, அந்தச் சின்ன வாயக் கையால மூடிக்கிட்டு. அன்னைக்குச் சாப்பாடு எனக்கு எறங்கல. பாயசம் நல்லா இருந்துச்சு, அத மட்டும் ரெண்டு தடவ வாங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவ கோயிலுக்குப் போயிருந்தா. நான் கீழ எறங்கிப் போய் அவ அலமாரியத் தொறந்து பாத்தேன். என்னத்தையோ பூசுறா, நம்மகிட்ட மறைக்கிறான்னு நினைச்சேன். தேடித் தேடிப் பாத்தா தேங்கெண்ணெயும் ஒரு டப்பா வாசலினும்தான் இருக்கு. சரி, இதுலதான் சூட்சுமம் இருக்குன்னு நானும் ஒரு டப்பா வாங்கி ஒரு மாசம் முகத்துல அப்பினேன். பருதான் வந்துச்சு. சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்கோங்க. நீங்க காலையில இருந்து சிரிச்சிருக்க மாட்டீங்க.

அப்புறம் விரல். உளுந்து களையத் தண்ணிக்குள்ள கைய விட்டான்னா விரலெல்லாம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துரும். கொஞ்ச நேரத்துல நீலம் பாய்ஞ்சுரும். "அக்கா, விரல் மரத்துப் போச்சு, இத நீங்க களையிறீங்களா?"ம்பா. மார்கழியில தினம் இதே பாட்டு. நான் என்ன நினைப்பேன்? வேலைக்குக் கள்ளம்னு நினைச்சேன். முகத்த மினுக்கிக்கிட்டு கைய நனைக்காம இருக்கப் பாக்குறான்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன், தெருவுல நாலு பேர்கிட்டயும் சொன்னேன்.

கடைசியில அவ மோதிரம் கழல மாட்டேன்னுச்சு. சோப்புப் போட்டுப் பாத்தா, எண்ணெய் விட்டுப் பாத்தா, அசையல. ஆசாரிகிட்டப் போய் அறுத்தாங்க. அந்த ஆசாரிதான் சொன்னாராம், "ஏம்மா, விரல்ல தோலக் கிள்ளி எடுக்கவே வரலையே, எலும்போட ஒட்டுன மாதிரி இருக்கே, யாராச்சும் டாக்டர்கிட்டக் காட்டு"ன்னு. கூட இருந்து பாத்த எங்களுக்குத் தெரியல. அந்த ஆசாரிக்குத் தெரிஞ்சிருக்கு.

டாக்டரம்மாகிட்ட நானும்தான் கூடப் போனேன். தோல் இறுகிப் போற வியாதின்னாங்க. ஏதோ ஸ்க்ளீரோன்னு பேரு, என் வாயில நுழையாது. அழகு இல்லையாம்மா அது! அந்த மினுமினுப்பு, அந்தக் கூரு மூக்கு, சின்ன வாய், எல்லாமே வியாதியாம். எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு நிமிசம்தான். அப்புறம் பாவமா இருந்துச்சு. ஆனா அந்த அப்பாடாதான் முதல்ல வந்துச்சு.

டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. ஒரு தாள்ல படம் போட்டுச் சொன்னாங்க. "வெளிய தோல் எப்படி இறுகுதோ, அதே மாதிரி உள்ள ரத்தக் குழாயும் தடிச்சு ஒடுங்கும். கிட்னிக்குப் போற சின்னச் சின்னக் குழாய் ஒடுங்கிச்சுன்னா பிரஷர் சட்டுன்னு ஏறிரும். அதுதான் நமக்கு எச்சரிக்கை. வீட்டுலயே மிஷின் வச்சு தினம் காலையில பாருங்க. உங்க அளவு நூத்திப் பத்து. அது நூத்தி நாப்பதுக்குப் போனாக்கூட அன்னைக்கே கெளம்பி வந்துருங்க. தலைவலி, கண்ணு மங்கல், மூச்சு முட்டல், எது வந்தாலும் நிக்காம வாங்க. சீக்கிரம் வந்தா மாத்திரையில கிட்னியக் காப்பாத்திரலாம்"னாங்க. வலிக்குன்னு கடையில கண்ட மாத்திரையையும் வாங்கித் திங்கக் கூடாதுன்னாங்க. எல்லாம் என் காதுலயும்தான் விழுந்துச்சு. அத இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா என் மனசுல என்ன ஓடுது? எனக்கு எப்பவுமே நூத்தி நாப்பது. அத யாரும் ஒரு பேச்சாப் பேசினதில்ல. அவளுக்கு நூத்தி நாப்பதுன்னா ஊரக் கூட்டணுமாம்.

எனக்கு ஒரே மகன்மா. சுதன். ஹரிஹரசுதன்னு பேரு. பெங்களூர்ல வேலை. ஒரு நாள் மத்தியானம் கூரியர்காரர் வந்து வாசல்ல நின்னு என் பேரச் சொல்லிக் கூப்பிடுறார். பார்சல் மேல என் பேரு, அனுப்புனது சுதன். எனக்கு நெஞ்சே விரிஞ்சு போச்சு. போன மாசந்தான் அவன்கிட்ட, "தலை சுத்துதுடா, கால் வலிக்குதுடா"ன்னு சொல்லியிருந்தேன். மறக்காம ஏதோ அனுப்பியிருக்கான்னு பிரிச்சுப் பாத்தா பிரஷர் பாக்குற மிஷின். வெள்ளையா, அழகா, பெரிய பெரிய நம்பர் தெரியுது. நான் பக்கத்து வீட்டு மீனாவக் கூப்பிட்டுக் காட்டினேன். எதுத்த வீட்டுலயும் காட்டினேன். கையில மாட்டி ஒரு தடவ பாத்துட்டேன். அப்புறம் போன் போட்டு, "எதுக்குடா ராசா அம்மாவுக்கு இவ்வளவு செலவு?"ங்கறேன்.

அவன் சொல்றான், "அம்மா, அது சித்திக்கு. அவங்க கோயில் குளம்னு போயிருந்தா பார்சல் திரும்பிப் போயிருமேன்னு உங்க பேர் போட்டேன். கீழ குடுத்துருங்கம்மா."

மீனா பக்கத்துல நிக்கிறா. போன் சத்தம் அவளுக்கும் கேட்டுருச்சு. "சரி, நான் வரேங்க்கா, அடுப்புல பால் இருக்கு"ன்னு போயிட்டா. எதுத்த வீட்டுக்காரி கதவ மெதுவாச் சாத்திக்கிட்டா. பெத்தவ நானு. பத்து மாசம் சுமந்தவ நானு. அவனுக்கு டைபாய்டு வந்தப்ப இருபது நாள் மடியில போட்டுக்கிட்டுக் கெடந்தவ நானு. மிஷின் சித்திக்கு! நான் பெட்டியில திரும்ப அடுக்கி, பிரிச்ச டேப்ப மறுபடி ஒட்டி, கீழ கொண்டு போய்க் குடுத்தேன். "அய்யோ, சுதன் அனுப்புனானா!"ன்னு அவ கண்ணுல தண்ணி. அந்தப் பயலும் அவ போன்ல வீடியோவுல வந்து எப்படி மாட்டணும்னு சொல்லிக் குடுக்கிறான், கால் மணி நேரம். என்கூட அவன் பேசுறது மூணு நிமிசம். சாப்டீங்களா, அப்பா சாப்டாரா, வச்சிரட்டா.

ரெண்டு வருசம் தினம் பாத்தாம்மா அவ. காலையில கடை தொறக்கிறதுக்கு முன்னாடி உக்காந்து, மாட்டிப் பாத்து, ஒரு நோட்டுல எழுதுவா. ஒரு நாள் விட்டதில்ல. அதையும் சொல்லிடுறேன்.

போன மார்கழி. எனக்கு ஒரு நாள் காலையில தலை சுத்துச்சு. நெசமாத்தான், நடிப்பு இல்ல. எங்க வீட்டுக்காரர் கீழ போய் மிஷின வாங்கிட்டு வந்து பாத்தார். நூத்தி அம்பத்தி ரெண்டு. சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். சரி, நாளைக்கும் ஒரு தடவ பாத்துருவோம்னு... அப்படியே மாடியிலயே தங்கிப் போச்சு அது. நானும் ஒரு நோட்டுப் போட்டேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நூத்தி முப்பத்தெட்டு, நூத்தி முப்பத்தி நாலு, நூத்தி முப்பது. கொறைஞ்சுக்கிட்டே வருது. எனக்கு ஏமாத்தமா இருந்துச்சும்மா, சொன்னா நம்புவீங்களா? ஒரு நாளாச்சும் நூத்தி எழுவது காட்டினா சுதனுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். காட்டவே இல்ல.

மூணாம் நாளு அவ மாடியேறி வந்தா. பதினெட்டுப் படி. அவளுக்கு ஏற முடியாது, நடுவுல நின்னு நின்னுதான் வருவா. "அக்கா, அந்த மிஷின்..."ங்கிறா. "எனக்கு இன்னும் கிறுகிறுப்பு நிக்கல தமயந்தி, ரெண்டு நாள் கழிச்சுத் தாரேன்"னேன். சரிக்கான்னு எறங்கிப் போயிட்டா. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ திரும்பவும் வந்தா. அப்ப நான் கையில மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். "என் மகன் வாங்கினதுதான?"ன்னு ஒரு வார்த்தை என் வாயில வந்துருச்சு. அவ என்னையே பாத்தா. அப்புறம், "இருக்கட்டும்க்கா, உங்களுக்குச் சரியானதும் குடுங்க"ன்னா. அதுக்கப்புறம் கேக்கல.

அவ ஏன் இன்னொண்ணு வாங்கலன்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்புறம் நினைச்சேன். அவ வாங்கியிருந்தா ஏன் எதுக்குன்னு அவ புருஷன் கேட்டிருப்பார். அது வீட்டுக்குள்ள சண்டையாயிருக்கும். அதனாலதான் வாங்கலன்னு நினைக்கிறேன். அவகிட்டக் கேட்டதில்ல.

பொங்கலுக்கு ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. அவ தலைவலின்னு உக்காந்துக்கிட்டா. ஒரு நாள் இல்ல, மூணு நாள். "கண்ணு ஒரு மாதிரி மங்கலா இருக்குக்கா"ங்கிறா. நான் என்ன சொன்னேன்? "வருசா வருசம் மார்கழி வந்தா உனக்கு ஏதாச்சும் வந்துருது"ன்னேன். எல்லாரும் கேக்கத்தான் சொன்னேன். மறுநாள் காலையில மாவ ஊத்துறா, கரண்டி பாத்திரத்துக்கு வெளிய போகுது. மாவு தரையில கொட்டுது. அவளுக்குத் தெரியல. "எனக்குப் பாத்திரம் தெரியலக்கா"ன்னா. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. என் கையைத்தான் புடிச்சா. ஆட்டோவுல என் மடியிலதான் கெடந்தா.

ஆஸ்பத்திரியில பாத்தா இருநூத்தி முப்பது. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, கிட்னி ரெண்டும் வேலையை நிறுத்திருச்சுன்னாங்க. குழாய் எல்லாம் ஒடுங்கி, ரத்தமே போகல. கழுத்துல ஊசியப் போட்டு அன்னைக்கே டயாலிசிஸ். மறுநாள் அவளுக்கு முழிப்பு வந்ததும் டாக்டர் கேக்குறார், "இந்தப் பத்துப் பதினோரு நாளா பிரஷர் பாக்கலையா? நோட்டு டிசம்பர் இருபத்தொண்ணோட நிக்குதே? தினம் பாத்திருந்தா இது முன்னாடியே தெரிஞ்சிருக்குமேம்மா?"

நான் அவ கால்மாட்டுல நிக்கிறேன். கொழுந்தன் தலைமாட்டுல. எங்க வீட்டுக்காரர் கதவுகிட்ட. அவருக்கு மிஷின் மாடியில இருந்தது தெரியும், ஆனா அவளுக்கு அது தினம் வேணும்னு தெரியாது, நடுவுல அவளும் பாத்துக்கிறான்னு நினைச்சிருந்தார். டாக்டரம்மா சொன்னத அவர்கிட்ட நான் சொல்லவே இல்லையே! அவ என்னைப் பாக்கக் கூட இல்ல. டாக்டரப் பாத்துச் சொல்றா, "நான்தான் சார் பாக்கல. சோம்பேறித்தனம். பொங்கல் வேலையில விட்டுட்டேன்."

அவ்வளவுதான். கொழுந்தனுக்கு வந்துச்சே கோவம்! ஆஸ்பத்திரின்னு பாக்காமக் கத்துறார். "அந்தப் பையன் ஊர்ல இருந்து வாங்கி அனுப்புறான், ஒரு நிமிச வேலை, அதப் பாக்க உனக்கு வலிச்சுதா?" சுதன் போன்ல அழுகுறான், திட்டுறான். அவ கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கா. அப்ப நான் ஒண்ணு சொன்னேம்மா. யாரும் என்னைக் கேக்கல. நானாத்தான் சொன்னேன். "அவ அப்படித்தான் டாக்டர், சொன்னாக் கேக்க மாட்டா"ன்னேன்.

உங்க கைய ஏன் எடுத்துட்டீங்க? சரி, பரவாயில்ல.

அன்னையில இருந்து நான்தான் எல்லாம். வாரம் மூணு நாள் கூட்டிட்டு வர்றது, காத்திருக்கிறது, கூட்டிட்டுப் போறது. தினம் காலையில கீழ எறங்கிப் போய், அவளுக்குப் பிரஷர் பாத்து, நானே நோட்டுல எழுதுறது. உப்பு அளவாப் போட்டு சோறு ஆக்குறது. இப்ப சுதன் தினம் போன் பண்ணுறான். எனக்கு! அரை மணி நேரம் பேசுறான். "நீங்க இல்லைன்னா சித்தி கதி என்னம்மா?"ங்கிறான். சித்திகிட்ட முன்ன மாதிரிப் பேசுறதில்ல, ஒரு கோவம் இருக்கு அவனுக்கு. தெருவுல என்னை நிறுத்திப் பேசுறாங்க. "தமயந்தி மாவு"ன்னு கேட்டவங்க இப்ப இந்திராணியக்கா எங்கன்னு கேக்குறாங்க. கேட்டதெல்லாம் கெடைச்சிருச்சும்மா எனக்கு. நல்லாத்தான் இருந்துச்சு.

போன வாரம் டாக்டர் ஒரு சேதி சொன்னார். இந்த வியாதியில சில பேருக்கு மட்டும், மாத்திரையை விடாமத் தின்னுக்கிட்டே இருந்தா, பல மாசம் கழிச்சு கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்குமாம். இவளுக்கு ஒண்ணுக்கு நல்லாப் போகுது, ரத்த டெஸ்டும் எறங்கியிருக்கு. "வாரம் ரெண்டு ஆக்குவோம், அப்புறம் ஒண்ணு, முடிஞ்சா நிறுத்திருவோம். ஆனா வீட்டுல பிரஷரக் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாக்கணும்"னார். எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் வேற கணக்கு ஓடுச்சு. இவ எந்திரிச்சிட்டா என்னை யாரு தேடுவா? சுதன் மூணு நிமிசத்துக்குத் திரும்பிப் போயிருவானே? அப்படித்தான் நினைச்சேன். பொறாமைதான். வேற என்ன பேரு வைக்கிறது அதுக்கு? அப்ப நியாயம்னேன்ல, அதெல்லாம் சும்மா.

அதுல கொழுந்தன் ஒரு முட்டுக்கட்டை போட்டார். "இவள நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். ஒரு தடவ சோம்பேறித்தனம் பண்ணினவ. மதினி எத்தனை நாளைக்குப் பாப்பாங்க, அவங்களுக்கும் வயசாகுது. மூணு நாளே ஓடட்டும். ஊசி குத்தினாலும் உசிரு இருக்கும்"னுட்டார். சுதனும் சித்தப்பா சொல்றதுதான் சரிங்கிறான். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தா. அப்பக்கூட வாயத் தொறக்கல. அந்தத் தோல்ல ஊசி எறங்க மாட்டேங்குதும்மா. நாலு எடத்துல குத்தித்தான் ஒரு எடம் கெடைக்கும். நீங்க பாத்தா உங்களுக்கு மயக்கம் வந்துரும்.

இன்னைக்குக் காலையில பஸ்ல வரும்போது கேட்டுட்டேன். ஏழு மாசமாக் கேக்காதது. "ஏண்டி, அன்னைக்கு டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?" அவ வெளியப் பாத்துக்கிட்டே சொல்றா, "நெசத்தச் சொல்லியிருந்தா எல்லாரும் உங்களத் திட்டியிருப்பாங்க. நீங்க மாடியில கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எங்கம்மாவா இருக்காங்க? என்கூட வேற யாருக்கா வருவா?"

கேட்டீங்களா? எவ்வளவு கெட்டிக்காரி பாருங்க! நான் அவள ஏமாத்திக்கிட்டு இருக்கேன்னு நினைச்சு ராப்பகலாப் புழுங்குறேன். அவ என்னடான்னா கணக்காப் புடிச்சு வச்சிருக்கா. முதல்ல கோவம்தான் வந்துச்சு. ஏன், நெசத்தச் சொல்லியிருந்தா நான் வர மாட்டேனா? அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். வந்திருக்க மாட்டேன்மா. சத்தியமா வந்திருக்க மாட்டேன்.

சுதன் காலையில வந்து எறங்கிட்டான். கீழ கேண்டீன்ல அவனும் கொழுந்தனும் காபி குடிக்கிறாங்க. ரெண்டு பேரும் டாக்டர் ரூமுக்கு வருவாங்க. நான் வாயத் தொறந்தேன்னா என் மகன் முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். மூணு நிமிசம் கூட மிஞ்சாது. தொறக்கலைன்னா அவ சோம்பேறிங்கிற பேரோட, வாரம் மூணு நாள், நாலு எடத்துல ஊசி வாங்கிக்கிட்டே கெடப்பா. எனக்கு நல்ல மனசெல்லாம் கெடையாது. என்னைப் பத்தி அப்படி ஒண்ணும் நினைச்சுராதீங்க. ஆனா மாவுல பேரு அவளுக்கு, ரசத்துல பேரு அவளுக்கு, என் மகன்கிட்டப் பேரு அவளுக்கு. இப்ப என் தப்பையும் அவளே சுமந்துக்கிட்டு, பெரிய மனசுக்காரிங்கிற பேரையும் கொண்டு போகட்டும்னு நான் பாத்துக்கிட்டு இருப்பேனா?

இந்தா கூப்பிடுறாங்க. வர்றேன்ம்மா சிஸ்டர், ஒரு நிமிசம்! என் பையக் கொஞ்சம் பாத்துக்கோங்க.

என்னம்மா கேட்டீங்க? இல்ல, இத யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்டக் கூட. முன்னப் பின்னத் தெரியாதவங்க நீங்க, உங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன், வாயில வார்த்தை வருதான்னு. வந்துச்சுல்ல? அந்த மாடியிலயே தங்கிப் போச்சுன்னு சொன்னேன் பாருங்க, அந்த எடத்துல மட்டும் வழுக்கிட்டேன். அது தானா ஒண்ணும் தங்கல. இன்னொரு தடவ சொல்றேன், சரியா வருதான்னு கேளுங்க.

மிஷின் என்கிட்டத்தான் இருந்துச்சு டாக்டர். பதினோரு நாள். அவ ரெண்டு தடவ படியேறி வந்து கேட்டா. நான் குடுக்கல.